மரண அறிவித்தலை மட்டும் கேட்ட அப்பா

கேள்வி: என் அப்பா போன வருஷம் தவறிவிட்டார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1974-ல் தாத்தா, பாட்டியோடு கப்பலில் வந்து, நீலகிரியில் பந்தலூர் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று எழுந்து போய்விடுவார். இலங்கை வானொலியில் பாட்டு போனால் கண்டுகொள்ள மாட்டார், மரண அறிவித்தல் வரும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்காருவார். இன்னும் நான்கு மாதத்தில் முதல் திதி. அதற்குள் அவர் வாழ்க்கையையும் குடும்பக் கதையையும் சிறு புத்தகமாகப் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. கையில் இருப்பவை: தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, கிழிந்த பாஸ்போர்ட், நான்கு போட்டோ, ஒரு கேசட், தேயிலைச் செடியை வெட்டிவிடும் அவருடைய கவ்வாத்துக் கத்தி. அப்பாவின் அக்கா அங்கேயே இருக்கிறார், வயது 78. குடும்ப அட்டையில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணன் "செத்தவரை ஏன் நோண்டுறே?" என்கிறான். அப்பா இடையில் பத்து வருஷம் குடித்துக் கெட்டதை எழுதலாமா என்றும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

— வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன அந்த ரேடியோ இருக்கிறதே, அதிலிருந்து தொடங்குங்கள். 26 வருஷமாக ஊர் ஊராகப் போய் வீட்டுக் காகிதங்களைப் படியெடுப்பதுதான் என் தொழில். பெட்டி பெட்டியாகப் பத்திரம் வைத்திருக்கும் வீடுகளில்கூட இப்படி ஒரு வரி கிடைப்பது அபூர்வம்.

மரண அறிவித்தல் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மைத்துனர். ஒரு சாவுச் செய்திக்குள் ஒரு முழுக் குடும்பமும் வரிசையில் வந்து நிற்கும். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு, யார் எங்கே இருக்கிறார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள அதைவிட என்ன வழி இருந்தது? அறிவித்தல் போட அந்தப் பக்கம் பணம் கட்ட வேண்டும், தோட்டத்து ஆட்களில் எல்லோராலும் முடிந்திருக்காது. அது உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, "ஞாபகம் இல்ல" என்று சொன்ன மனிதர், வருஷக்கணக்காக ஒரு பெயருக்குக் காது கொடுத்திருக்கிறார். அவர் சொல்லாததை நீங்கள் கற்பனையில் நிரப்ப வேண்டாம். செய்ததை எழுதுங்கள். எந்த வீட்டில் இருந்தபோது, ரேடியோ எந்த மூலையில் இருந்தது, கேட்டு முடித்ததும் எழுந்து எங்கே போவார். அவ்வளவு போதும், படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, அவர் வந்த காலத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் சரித்திரப் பாடம் நடத்த வேண்டியதில்லை, அத்தையிடம் சரியான கேள்வி கேட்க உதவும். 1948-ல் இலங்கை கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் பெயரால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்படி நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று கணக்கு. அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதற்கு ஒவ்வொரு வீடும் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. கல்யாணமாகிப் போன பெண், புருஷன் வீட்டு விண்ணப்பத்தோடு போய்விடுவாள். உங்கள் அத்தை அங்கேயே தங்கியதற்கு அநேகமாக இதுதான் காரணம். அண்ணன் தம்பிக்குள் ஒருவர் "சிலோன் பிரஜை", ஒருவர் "இந்தியப் பிரஜை" என்று ஆன வீடுகள் ஏராளம். மலையக ஸ்டேஷன்களில் ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் சேர்ந்து அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1974 என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. 1973, 74 இரண்டும் தோட்டங்களில் பஞ்ச காலம். அரிசி, மாவுப் பங்கீடு குறைந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. உங்கள் தாத்தா ஏன் அந்த வருஷம் புறப்பட்டார் என்று அத்தையிடம் கேளுங்கள். முறை வந்து கூப்பிட்டார்களா, பசி தள்ளியதா? நான் பேசிய பல வீடுகளில் பதில் இரண்டுமாக இருந்தது.

சரி, காகிதங்களுக்கு வருவோம்.

குடும்ப அட்டையை இன்றைக்கே இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ-யில். மூலத்தைப் புத்தகத்துக்கென்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சாதிச் சான்றிதழில் இருந்து வீடு வரை, தாயகம் திரும்பியோர் என்று நிரூபிக்க வேண்டிய இடங்களில் அதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் அண்ணன் பிள்ளைகளுக்கும் தேவைப்படும். கிழிந்த பாஸ்போர்ட்டில் செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இதை நான் அதிகாரமாகச் சொல்வதற்குக் காரணம், என் சொந்த முட்டாள்தனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அப்பா எழுதிய ஒரே கடிதத்தை லேமினேட் செய்து மாட்டினேன். சூட்டில் மை பரவி, உள்ளே காற்றுக் குமிழ் விழுந்து, இப்போது "அன்புள்ள" மட்டும்தான் தெரிகிறது. மற்றவர் வீட்டுக் காகிதத்தைத் தொடும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கும் வயதை அப்படியே நம்ப வேண்டாம். லயத்தில் பிறந்த தேதி யாருக்கும் சரியாகத் தெரியாது. பேர் பதியும்போது கணக்கப்பிள்ளை கண்ணளவில் போட்டதுதான் பல பேருக்கு வயது. பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்துக் காட்ட வயதைக் குறைத்துச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் "அப்பா எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "58 கலவரத்தப்போ தம்பி நடந்தானா, இடுப்புல இருந்தானா?" என்று கேளுங்கள், வரும். 1958-ல் அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் அது. "தனுஷ்கோடி புயலப்போ பள்ளிக்கூடம் போனானா?" என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். அத்தையின் பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால் பிரதேச செயலகத்தில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நகலுக்கு எழுதிப் பார்க்கலாம். தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பும் பதிவானதுதான். தோட்டத்தின் பெயர், அது மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, தாத்தாவின் பெயர், உத்தேச வருஷம் நான்கும் வேண்டும். தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயரும் ஆட்கள் வாயில் வேறு ஒரு பெயரும் இருந்தன என்பதை மறந்துவிடாதீர்கள். அத்தை சொல்லும் பெயர் மேப்பில் இல்லையென்றால் அத்தை தப்பு என்று அர்த்தமில்லை. செக்ரோலை, அதாவது தோட்டத்து ஆட்களின் வேலைப் பதிவேட்டை, தேடி அலைய வேண்டாம். 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுக்குப் போய், அப்புறம் 1992-ல் கம்பெனிகள் கைக்கு வந்ததில் அந்தக் கணக்குப் புத்தகங்கள் பல இடங்களில் போன இடம் தெரியவில்லை.

இந்தப் பக்கத்து வேலைக்கும் ஒரு தகவல். அப்பா 1974-லேயே சேர்ந்திருந்தால் அவர் முதலில் சேர்ந்தது டேன்டீயில் இல்லை. தாயகம் திரும்பியோருக்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில்தான். அது கழகமாக மாறியது 1976-ல். சர்வீஸ் காகிதம் கேட்டுப் போகும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு வருஷம் காணாமல் போகும். ஆரம்பத்தில் வந்தவர்கள் வளர்ந்த தோட்டத்தில் கொழுந்து பறிக்க வரவில்லை. காட்டை வெட்டிக் குழி போட்டுக் கன்று நட்டவர்கள் அவர்கள். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். மேல் விளிம்பில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், முதலில் அவற்றை உடைத்துவிடுங்கள். அப்புறம் கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடா பாசி பிடித்த மாதிரி வெளுத்திருந்தால் ஓட்ட வேண்டாம், டிஜிட்டலாக மாற்றும் கடைக்காரரிடம் கொடுங்கள். உள்ளே அப்பா குரல் இல்லாமல் வெறும் சினிமாப் பாட்டே இருந்தாலும் எந்தப் பாட்டு என்று எழுதி வையுங்கள்.

அந்தக் கத்தியைப் போட்டோ எடுங்கள். பக்கத்தில் தீப்பெட்டியோ ஸ்கேலோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், இடதுகைக்காரரா என்பதுகூடத் தெரிந்துவிடும். நீங்கள் "கவ்வாத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஆபீஸ் காகிதத்தில் "கவாத்து" என்றுதான் இருக்கும். உங்கள் அப்பா வாயிலிருந்து உங்களுக்கு வந்த சொல் அது. புத்தகத்தில் அச்சகக்காரர் திருத்தினால் விடாதீர்கள். தேத்தண்ணி (டீ), காம்பிரா (லயத்து அறை), கோச்சி (ரயில்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எல்லாவற்றையும் அத்தை சொல்கிறபடியே எழுதுங்கள்.

பூர்வீக ஊர் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புத்தகம் என்று வந்தால் பெரியப்பா வகையறா முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணி தன் சொந்த ஊரிலும் சொந்தத்திலும்தான் பெரும்பாலும் ஆள் கட்டினார். அதனால் தாத்தா எந்தக் கங்காணி செட்டு என்று தெரிந்தால், அதே செட்டில் வந்த வேறு குடும்பத்தின் ஊர் உங்கள் ஊராகவோ பக்கத்து ஊராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு வழி குலதெய்வம். ஊர்ப் பெயர் மறந்த வீட்டிலும் சாமி பெயர் இருக்கும். துறையூர் பக்கத்தில் ஒரு குடும்பத்தை இப்படித்தான் கண்டுபிடித்தோம். கையில் இருந்தது ஒரு கருப்பசாமியின் பெயரும் "ஏரிக்கரை" என்ற ஒரே சொல்லும்தான். ஊரில் போய் நின்றபோது பூசாரி, "சிலோனுக்குப் போன பங்காளி வகையறாவுக்கு இன்னும் வரி எழுதி வச்சிருக்கோம்" என்றார். பாக்கியும் சொன்னார், அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊர் தேடும்போது சாதி வரும். ஊரை மறைத்த பெரியவர்களில் சிலர் அதற்காகவே மறைத்தார்கள். கடல் தாண்டியதில் கிடைத்த கொஞ்சம் நிம்மதி அது. தெரிய வந்ததை எல்லாம் அச்சில் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் மாற்றி மட்டும் எழுதாதீர்கள்.

இப்போது அந்தக் குழந்தை.

நீங்கள் இதைக் கடிதத்தின் நடுவில் வைத்திருந்தாலும், உங்களை எழுத வைத்ததே இதுதான் என்று நினைக்கிறேன். அட்டையில் பெயர் இருக்கிறது, வீட்டில் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் இப்படி மூன்று விதமாக நடந்திருக்கிறது. குழந்தை வந்த பிறகு, கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமிலோ புது இடத்துக் குளிரிலோ இறந்துபோவது ஒன்று. கூடப் பிறந்தவர்களின் பிள்ளையைத் தன் பிள்ளையாக எழுதிக் கூட்டி வந்து, பிறகு அவர்களிடமே சேர்ப்பது இன்னொன்று. பெயரைச் சேர்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் பிள்ளையை அங்கேயே பாட்டி கையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவது மூன்றாவது. இதில் உங்கள் வீட்டில் எது என்று நான் ஊகிக்க மாட்டேன், நீங்களும் ஊகித்து எழுதாதீர்கள். மூன்றாவதாக இருந்தால் அந்தப் பெண் இன்று ஐம்பது வயது தாண்டிய ஒரு மனுஷி. அவருக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று நமக்குத் தெரியாது. ஒரு திதி மலரில் அவர் தன் கதையை முதல் முதலாகப் படிக்கக் கூடாது.

கேட்க வேண்டியவர் முதலில் அத்தை. அட்டையை வீடியோவில் காட்டிக் கேட்காதீர்கள். "தாத்தாகூடக் கப்பல்ல போனது யார் யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொல்ல நினைத்தால் அந்தப் பெயர் தானாக வரும். வரவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அம்மாவிடம் ஒரே ஒரு தடவை, அண்ணன் இல்லாத நேரத்தில், இருவரும் கையில் ஏதாவது வேலையோடு இருக்கும்போது கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் அது விசாரணையாகிவிடும். "அதெல்லாம் எதுக்குடி" என்று அம்மா சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது புத்தகத்தில் கதை வேண்டாம், அட்டையில் இருக்கிறபடி பெயர்களை வரிசையாகப் போடும்போது அந்தப் பெயரை மட்டும் உருவி எடுக்காமல் விட்டால் போதும். அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லையென்றால் அட்டைப் பக்கத்தையே போடாதீர்கள். ஐந்து பேரை எழுதி ஒருவரை மட்டும் அழிப்பது என் கணக்கில் பொய்.

குடியைப் பற்றி. "அன்பின் சிகரம், பண்பின் இமயம்" என்று தொடங்கும் நினைவு மலர்களை நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன். பெயரையும் போட்டோவையும் மாற்றினால் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாதே! பத்து வருஷம் குடித்தார் என்பது மட்டுமா, நிறுத்தினார் என்பதும் இருக்கிறது. எப்படி நிறுத்தினார், எந்த வருஷம், யார் சொல்லி? அதை நீங்கள் எழுதவே இல்லை. ஆனால் அந்தப் பத்து வருஷத்துக் கஷ்டம் உங்களைவிட அம்மாவுடையது. அம்மா சரி என்றால் இரண்டு வரி எழுதுங்கள், மன்னிப்பும் விளக்கமும் சேர்க்காமல். வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு இதில் வேறு கருத்து கிடையாது.

அண்ணனிடம் வாதாடாதீர்கள். "நோண்டுறே" என்பவர்களிடம் ஏதோ ஒரு நினைவு பத்திரமாக இருக்கும் என்பது என் அனுபவம். கத்தியைத் தீட்ட அப்பா எந்தக் கல்லைப் பயன்படுத்தினார் என்று அவரிடம் கேளுங்கள். அது அவருக்குத்தான் தெரியும்.

நான்கு மாதத்தில் புத்தகம் என்பதை மட்டும் கைவிடுங்கள். அவசரத்தில் அச்சடித்தால் தப்பான வருஷம் ஐம்பது வீட்டில் போய் உட்காரும், பிறகு திருத்த முடியாது. திதிக்கு எட்டுப் பக்கம் ஜெராக்ஸ் போதும். இடது பக்கம் உங்களுக்குத் தெரிந்தது, வலது பக்கம் வெற்று. போட்டோ நான்கையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒரு மேசையில் பரப்பி, பக்கத்தில் பென்சில்கள் வையுங்கள். படையல் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் வரைக்கும் பெரியவர்கள் அந்த மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள். "இது அவன் இல்ல, அவன் தம்பி" என்று சண்டை வரும், வரட்டும். யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். புத்தகத்தை இரண்டாம் வருஷத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தைக்குத்தான் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, 78 வயது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிடுங்கள், மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடித்தால் சிக்னல் நிற்காது. ரெக்கார்ட் பண்ணுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் கேள்வி, லயத்தில் உங்கள் காம்பிரா எத்தனாவது, பக்கத்துக் காம்பிராவில் யார் இருந்தார்கள் என்பதாக இருக்கட்டும். கடைசியில், முடிந்தால், தம்பி இங்கே ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்த விஷயத்தை அத்தைக்குச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்காது.